இடப்பக்கக் கப்பு

அலுமினியம், பாரமே இல்லை, பாருங்கோ
என்று ஒரு கையால் தூக்கிக் காட்டினான் பவளகாந்தன்,
மல்லாவிச் சந்திக் கடையில்.
உடைஞ்சால் ஆர் ஒட்டுறது? கேட்டேன்.
கொழும்புக்கு அனுப்பவேணும் என்றான்.
இரும்பென்றால் பாண்டியன்குளத்திலேயே ஒட்டலாம்,
கறண்ட் நின்றால் காஸில் ஒட்டலாம்.
அலுமினியக் கதை அதோடு முடிந்தது.

எனக்குத் தேவை இவ்வளவுதான்:
விடிய நாலரைக்கு
இருபது லீற்றர்ப் பால்கான் இரண்டு,
ஐந்து கட்டை கிரவல் றோட்டு.
குளக்கட்டில் ஏறும் இடத்தைத் தவிர
மேடென்று சொல்ல ஒன்றுமில்லை.
கியர் யாருக்கு?

நசீர் நானாவின் பழைய இரும்புக் குவியலில்
அரைநாள் நின்றேன்.
லேடீஸ் எடு, சீலைக்குச் சுகம் என்றாள் யசோ.
எடுத்து, பின்னுக்கு அரிசி மூடை வைத்து உருட்டினேன்.
கழுத்து ஒரு பக்கம் போக
பின்சில்லு வேறொரு பக்கம் போனது.
பார் வைத்ததோ பாறைபோல் நிற்கிறது,
ஆனால் கானுக்கு மேலால்
கால் சுழற்ற நான் சர்க்கஸ்காரியில்லை.

கடைசியில் ஒன்று அகப்பட்டது.
கழுத்திலிருந்து பின்முள்ளுக்கு
இரண்டு பக்கமும் சணல்நூல் இழுத்துப் பார்த்தேன்,
சீற்றுக் குழாய்க்கு ஒரே இடைவெளி.
ஆணியால் தட்டினேன், சத்தம் பிசகவில்லை.
பச்சைக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே நீலம்.
சீற்றுக்குக் கீழ் மூட்டில்
புளியங்கொட்டையளவு பித்தளை ஒட்டு,
அவசரத்தில் வைத்தது, ஆனால் பிடிமானமானது.

பாரை வெட்டிக் கீழிறக்கி ஒட்டித் தா என்றேன்.
ரலி பிறேமை வெட்டுறதோ?
பவளகாந்தன் தலையில் கை வைத்தான்.
வடிவைச் சுவரில் மாட்டு,
எனக்குக் கால் போகவேணும்.

இருபத்தெட்டு ரயருக்கு வவுனியா போகவேண்டும்,
இருபத்தாறு தேங்காய்க் கடையிலும் தொங்குகிறது.
ஆகவே இருபத்தாறு.
பழைய கம்பிப் பிறேக் இனி றிம்மை எட்டாது,
போகட்டும்,
பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற ஹப் போட்டோம்,
மாரி மழைக்கும் அதுதான் சரி.
பின்சில்லுக்குத் தடித்த கம்பி.
ரயருக்குள்ளே பழைய ரியூப்பை வெட்டி ஒரு விரிப்பு,
உடைமுள்ளுக்கு.
டைனமோ வேண்டாம்:
நான் நின்றால் அதன் வெளிச்சமும் நிற்கும்,
யானை நிற்கிற இடத்தில்
நானும் நிற்கவேண்டி வரும்.
பற்றரி லைற் ஒன்று, ரப்பர் பட்டியால் கட்டினது.

ஓடினது.
கிரவலில் கான் மூடிகள் தாளம் போட
ஓடினது.

பதினோராம் நாள், பால் நிலையத்தில்
எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர்,
முந்தி அங்கே கண்டதில்லை,
குந்தியிருந்து
அந்தப் பித்தளையில் பெருவிரலை வைத்தார்.
கன நேரம் எடுக்கவில்லை.
மாத்தளனில விட்டது என்றார்,
என்னைப் பார்த்தல்ல.

கானைப் பிடித்தபடி நின்றேன்.
திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?
பாரை வெட்டிவிட்டேன், நிறத்தை மாற்றிவிட்டேன்,
நசீர் நானாவிடம் ரசீதும் வாங்கவில்லை.

அவர் எழும்பி முழங்கால் தூசியைத் தட்டினார்.
போல்ஸ் மாத்தினீங்களோ?
மாத்தினேன்.
இடப்பக்கக் கப்பு இளகும்,
எவ்வளவு இறுக்கினாலும் இளகும்.
மூன்று மாதத்துக்கு ஒருக்கால் பாருங்கோ.

பிறகு தன் போத்தலை ஊற்றி,
அளவுத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்து
பஸ்சுக்கு நடந்தார்.

இன்றைக்குத் தொண்ணூற்றிரண்டு நாள்.
குளக்கட்டில் ஏறும்போது
இடப்பக்கத்தில் ஒரு சின்ன டக்.
இறங்கி, சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு
சாவியை எடுக்கிறேன்.